இரண்டே முக்கால் லிட்டர்

மருதவனம் காலனியில் கார் வைத்திருந்த வீடுகள் பதினொன்று இருந்தாலும், காருக்கு அடியில் படுத்து எழுந்திருக்கத் தெரிந்த மனிதர் ஒருவர்தான் இருந்தார். மின்வாரியத்தில் முப்பத்து மூன்று வருஷம் வயர்மேனாகக் கம்பம் ஏறி இறங்கி, ஓய்வு பெற்று, ஆறாம் தெருக் கடைசி வீட்டில் மனைவியோடு குடியிருந்த தவசிலிங்கம்தான் அவர். உச்சியில் நின்று சம்பாதித்ததைத் தரையில் படுத்துச் செலவழிக்கிறார் என்று காலனியில் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துவிட்டு மறுபடி உள்ளே சறுக்கிப் போய்விடுவார்.

கார் தொண்ணூற்றொன்றாம் வருஷத்து மாருதி, சாம்பல் நிறம், அவருக்கு முன்னால் இரண்டு பேரிடம் உழைத்து வந்தது. ஒர்க்ஷாப்பில் விட்டால் பழைய ஆயிலில் பாதியை உள்ளேயே விட்டுவிட்டு மேலே புதிதை ஊற்றி அனுப்பிவிடுவார்கள் என்பது அவருடைய கட்சி. அதனால் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, வீட்டு வாசலிலேயே, தன் கையாலேயே மாற்றுவார். அவர் மனைவி வடிவாம்பாள், உயர்நிலைப் பள்ளியில் தமிழ் டீச்சர், டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சாவியைத் திருகி எஞ்சினை ஐந்து நிமிஷம் ஓடவிட்டு ஆயிலைச் சூடாக்கித் தருவாள்; கார் ஓட்டத் தெரியாத அவள் காரில் செய்த ஒரே வேலை அதுதான். பிறகு அவள் இறங்கிப் போய் டீ போடுவாள், அவர் ஜாக்கி கொடுத்து, செங்கல் முட்டு வைத்து, அடியில் படுத்து, போல்ட்டைக் கழற்றி, கறுப்பு ஆயில் கடைசிச் சொட்டு வரைக்கும் பழைய ஈயப் பேசினில் இறங்கும் வரை காத்திருந்து, புது வாஷர் போட்டு இறுக்கி, வெளியே வந்து, பானட்டைத் தூக்கிப் புனலை வைத்து, இரண்டே முக்கால் லிட்டர் புது ஆயிலை நிதானமாக ஊற்றுவார்.

ஊற்றி முடித்ததும் ஒரு அட்டையில் தேதியும் கிலோமீட்டரும் எழுதிப் பானட்டின் உள்பக்கம் கட்டித் தொங்கவிடுவார். அதில் ஒரு சங்கடம் இருந்தது. எட்டாவதோடு படிப்பை முடித்த தவசிலிங்கத்தின் நாக்கில் ஆயிலும் ஆயுளும் ஒன்றாகவே புரண்டதால், அட்டையில் எப்போதும் ‘ஆயுள் மாற்றிய நாள்’ என்றுதான் எழுதினார். தமிழ் டீச்சரின் வீட்டுக் காரில் இப்படியொரு பிழை தொங்குவதா என்று வடிவாம்பாள் சிவப்புப் பேனாவோடு வந்து திருத்துவாள். “ஏங்க, ஆயுள் என்ன மாத்துற சாமானா?” என்பாள். அடுத்த முறையும் அவர் அப்படியேதான் எழுதுவார், வேண்டுமென்றே எழுதுகிறாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் கடைசிவரை இருந்தது.

அந்த வருஷம் வடிவாம்பாளின் இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போயின. வாரத்துக்கு இரண்டு முறை மதுரைக்குப் போய் ரத்தத்தைச் சுத்தப்படுத்திக்கொண்டு வந்தாள். அதற்கும் உடம்பு இடம் கொடுக்காமல் போகத் தொடங்கியபோது, இனிமேல் வருஷக் கணக்குப் பேசாதீர்கள், மாதக் கணக்குப் பேசுங்கள் என்று டாக்டர் தவசிலிங்கத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அவர் அதை மனைவியிடம் சொல்லவில்லை; அவளும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மதுரைக்குப் போய் வந்த ஓட்டத்திலேயே கிலோமீட்டர் கணக்கு ஐயாயிரத்தைத் தாண்டிவிட்டது. நடுவழியில் எஞ்சின் பிடித்துக்கொண்டால் அவளை வைத்துக்கொண்டு எங்கே நிற்பது என்று பயந்து, ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தவசிலிங்கம் ஜாக்கியை எடுத்தார்.

வடிவாம்பாள் வழக்கம்போல வந்து உட்கார்ந்து எஞ்சினைச் சூடாக்கி அணைத்தாள், ஆனால் வீங்கின காலைத் தூக்கி வெளியே வைக்க முடியாமல் சீட்டிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டாள். போன முறை அவர் எழுதின அட்டை, டீச்சர் அப்போது ஆஸ்பத்திரியில் இருந்ததால் திருத்தப்படாமலே தொங்கிக்கொண்டிருந்தது. அந்த அட்டைக்குக் கீழே நின்று புனலில் ஆயிலை ஊற்றும்போது, கஷ்டத்தில் எல்லா வாயிலும் வருகிற வார்த்தைதான் அவர் வாயிலும் வந்தது: என் ஆயுசையும் சேர்த்து அவ இருக்கட்டும். வேண்டுதல் என்று அதைச் சொல்ல முடியாது, கேனைத் தூக்கும்போது முனகுகிற முனகல் போலத்தான் அது வந்தது. இரண்டே முக்கால் லிட்டரும் இறங்கியது, பானட்டைச் சாத்தினார், வடிவாம்பாள் கதவைத் திறந்து தானாக இறங்கி, செருப்பு லொடலொடக்க உள்ளே போய் டீ போட்டாள். அந்தக் காலில் அந்தச் செருப்பு நாலு மாதமாக நுழையாமல் இருந்தது.

மறுநாள் காலையில் அவளுடைய காதோர நரை இரண்டு விரல் அகலத்துக்குக் கறுத்திருந்தது, அவருடைய மீசை முழுக்க வெளுத்திருந்தது. மதுரை டாக்டர் ரத்தத்தை இரண்டு தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, இனி மாதம் ஒருமுறை வந்தால் போதும் என்றார். தவசிலிங்கம் வரும் வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார், அவருக்குப் பாட வராது என்பது தெரிந்தும் வடிவாம்பாள் நிறுத்தச் சொல்லவில்லை.

அடுத்த வீட்டுப் பேச்சியம்மாள்தான் முதலில் மீசையைப் பார்த்தாள், பிறகு டீச்சரின் தலையைப் பார்த்தாள், பிறகு காரைப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் காலனிக்கே தெரிந்துவிட்டது. இது எப்படி நடக்கும் என்று யாரும் கேட்கவில்லை, எத்தனை மணிக்கு வரலாம் என்றுதான் கேட்டார்கள். கோயில் கொடையில் கிடா வெட்டு எத்தனை மணிக்கு என்று விசாரிக்கிற அதே குரலில் கேட்டார்கள், கையில் ஆளுக்கொரு ஆயில் கேனும் வைத்திருந்தார்கள்.

ஆனால் மறுநாளே திறந்து ஊற்றியதில் ஒன்றும் நடக்கவில்லை. ஆயில் புதிதாக, தேன் நிறத்தில், போனபடியே வெளியே வந்தது, உட்கார்ந்தவர் உட்கார்ந்தபடியே இருந்தார். மற்றப் பத்துக் கார்களிலும் தவசிலிங்கத்தின் கையாலேயே அதே பிழையோடு அட்டை எழுதிக் கட்டிப் பார்த்தார்கள், அவற்றிலும் வெறும் ஆயில்தான் மாறியது. பிறகு மெல்ல மெல்ல விஷயம் புரிந்தது: அந்தக் கார்தான் வேண்டும், அது ஐயாயிரம் ஓடி ஆயில் கறுத்திருக்க வேண்டும், ஊற்றுகிறவருடையது உட்கார்ந்திருக்கிறவருக்குப் போகும், ஊற்ற ஆள் இல்லாதவர் சும்மா உட்கார்ந்து பயனில்லை. ஒரு லிட்டருக்கு எத்தனை வருஷம் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. எஞ்சினில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க அளவுக் கம்பி உண்டு, மனிதனில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கம்பியும் கிடையாது.

கார் ஐயாயிரம் ஓட வேண்டும் என்றால் ஓட்டினால் போயிற்று என்று காலனி முடிவு செய்தது. நலச்சங்கத்தின் செக்ரட்டரி ஜெபமணி, எதற்கும் ஒரு தீர்மானம் போடாவிட்டால் தூக்கம் வராதவர், முறை வைத்துப் பட்டியல் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். காலனியை ஒரு சுற்றுச் சுற்றினால் எழுநூறு மீட்டர். விடிந்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை, ஆறாம் தெரு, தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, முதல் தெரு, மறுபடி ஆறாம் தெரு என்று அந்தச் சாம்பல் மாருதி சுற்றிக்கொண்டே இருந்தது, ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறினார், முதல் கியரும் இரண்டாம் கியரும் தவிர மூன்றாவதை அது மறந்தே போனது. ஓட்டக் கற்றுக்கொள்ளாதவர்கள்கூட அதில்தான் கற்றுக்கொண்டார்கள். நாய்கள் முதல் இரண்டு நாள் துரத்திவிட்டு, பிறகு வழிவிட்டு, பிறகு அது வருகிற நேரம் பார்த்துத் தெருவைக் கடக்கப் பழகிக்கொண்டன. பதினெட்டாம் நாள் சாயங்காலம் அளவுக் கம்பியை உருவிப் பார்த்த தவசிலிங்கம், ஆயில் நன்றாகக் கறுத்துவிட்டது என்று அறிவித்தார்.

இதற்குள் ஜெபமணி ஒரு நோட்டுப் போட்டு, இடது பக்கம் உட்கார விரும்புவோர் பெயரையும் வலது பக்கம் அவர்களுக்காக ஊற்றுவோர் பெயரையும் எழுதச் சொல்லியிருந்தார். இடது பக்கம் ஒரே நாளில் நிரம்பி அடுத்த தாளுக்குப் போனது, வலது பக்கம் நாலு பெயர் ஏறின, நாலில் மூன்று தாய்மார்கள். நாலாவது ஒரு கணவன், காலையில் வந்து மனைவிக்காகத் தன் பெயரை எழுதிவிட்டு, மகளின் கல்யாணம் முடியட்டும் என்று சாயங்காலம் வந்து அடித்துவிட்டுப் போனான். அந்த நோட்டு வந்த பிறகு காலனியில் வீட்டுக்கு வீடு ஒரு அமைதி வந்தது. சோறு போடும்போது மனைவிகள் கணவன்மார்களின் முகத்தைப் பார்த்தார்கள், கணவன்மார்கள் தட்டைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் தன் வீட்டுக்காரரிடம் எதையுமே கேட்கவில்லை, அவரும் எதையுமே சொல்லவில்லை, முப்பது வருஷமாகச் சண்டை போட்டு ஓயாத அந்த இரண்டு பேரும் அதன் பிறகு மரியாதையாகப் பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள். கேட்பதற்கே சகிக்காத மரியாதை அது.

முதல் வாய்ப்பு மூன்றாம் தெரு காசிராஜனுக்கு என்று முடிவானது. நாற்பத்தைந்து வயது, நெஞ்சில் அடைப்பு, இரண்டு பெண் பிள்ளைகள். ஊற்ற வந்தவள் அவனுடைய அம்மா மூக்கம்மாள். எழுபத்திரண்டு வயதில் என்னிடம் இருப்பதே கொஞ்சம், அதைக் குடுத்தா அவன் பிள்ளைகளைக் கரை சேத்துருவான், என்று சொல்லிக்கொண்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் கேனைத் தூக்கினாள். காலனியே நின்று பார்த்தது. பாதி இறங்கியிருக்கும்போது காசிராஜனின் சட்டைப் பையில் செல்போன் அடித்தது.

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. மருதவனம் காலனி பள்ளத்தில் இருந்ததால் வீடுகளுக்குள் சிக்னல் கிடையாது, தெருமுனைக்குப் போனால்தான் எதிராளி பேசுவது கேட்கும், அதனால் மணி அடித்த உடனே எழுந்து நடப்பது அங்கே இருந்த எல்லோருடைய காலுக்கும் பழகியிருந்தது, மூளையைக் கேட்டுக்கொண்டு கால் எழுவதில்லை. காசிராஜன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து இறங்கித் தெருமுனையைப் பார்த்து நாலு எட்டு நடந்துவிட்டான். ஐயோ என்று எல்லோரும் கத்தியபோதுதான் திரும்பினான். ஏறத் தொடங்கியதும் இறங்கிய காலோடு போய்விட்டது, அவனிடம் ஒரு மாற்றமும் மிஞ்சவில்லை. பானட்டுக்கு அந்தப் பக்கம் மூக்கம்மாளின் முதுகு வளைந்து, கடைவாயில் மிச்சமிருந்த மூன்று பற்களும் உதிர்ந்து, கேனைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஊற்றியது அவளிடமும் இல்லை, அவனிடமும் சேரவில்லை, வீணாகிவிட்டது.

“பரவால்லப்பா,” என்றாள் மூக்கம்மாள். “மிச்சம் இருக்குல்ல. நீ உக்காரு.”

அவன் உட்காரவில்லை. அம்மாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனான், போகிற வழியெல்லாம் கைக்குழந்தையைத் தட்டிக்கொடுப்பதுபோல அவள் முதுகைத் தட்டிக்கொண்டே போனான். மீதி ஆயிலைத் தவசிலிங்கம் ஊற்றி மூடினார், அப்போது சீட்டில் ஆள் இல்லை, ஊற்றியவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஜெபமணி ஒரு தீர்மானமும் போடாமல் நோட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் வீட்டுப் பரணில் போட்டுவிட்டார். அதன் பிறகு காரைச் சுற்ற யாரும் வரவில்லை. காலனிக்காரர்கள் அந்தக் காரைக் கடந்து போகும்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டு போனார்கள்.

ஐப்பசியில் வடிவாம்பாளின் கால் மறுபடி வீங்கியது. அவர் ஊற்றினதை வியாதி வேகமாகச் சாப்பிட்டுவிட்டது. தவசிலிங்கம் யாரையும் கேட்கவில்லை, விடிகாலையில் சாவியை எடுத்துக்கொண்டு தனியாக ஏறி, தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை, முதல் தெரு என்று சுற்றத் தொடங்கினார். பேச்சியம்மாள் வாசல் தெளிக்கும்போதும் சுற்றினார், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் சுற்றினார். மூன்றாம் நாள் காசிராஜன் நடுத்தெருவில் வந்து நின்று கையைக் காட்டி நிறுத்தி, “இறங்குங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்,” என்றான். அன்றைக்குச் சாயங்காலமே மற்றவர்களும் வந்துவிட்டார்கள். தீர்மானம் இல்லை, பட்டியல் இல்லை, இடது பக்கமும் வலது பக்கமும் இல்லை, இறங்குவதும் ஏறுவதுமாகக் கார் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஆனால் நாள் வந்தபோது வடிவாம்பாள் சீட்டில் உட்கார மாட்டேன் என்றாள். அவள் பேச்சில் நியாயம் இருந்தது. ஒருமுறை தெரியாமல் நடந்தது, தெரிந்து எடுத்துக்கொள்ள நான் என்ன பிசாசா என்றாள். உங்களிடம் எவ்வளவு இருக்கிறதென்று தெரியாமல் அள்ளி ஊற்றுகிறீர்களே, நடுவில் தீர்ந்துபோனால், நீங்கள் இல்லாத வருஷத்தை வைத்துக்கொண்டு நான் எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது என்றாள். தவசிலிங்கத்துக்கு வாதம் பண்ணத் தெரியாது. காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

“எனக்கு எவ்வளவு இருக்குன்னு தெரியாது வடிவு,” என்றார். “உனக்கு இல்லன்னு தெரியும். அத வச்சிக்கிட்டு எப்படி நான் சும்மா இருக்க?”

அவள் அழுதுகொண்டே ஏறி உட்கார்ந்தாள். அவர் ஊற்றினார். இந்த முறை முனகல் இல்லை, தெரிந்தே, வாய்விட்டே சொன்னார். பானட்டைச் சாத்திவிட்டு நிமிர முயன்றபோது நிமிர முடியவில்லை. கம்பம் ஏறின கால்கள் அன்றைக்கு வாசல்படி ஏற மறுத்தன. தலையில் இருந்ததெல்லாம் பஞ்சாகிப் பாதி உதிர்ந்தது. அறுபது வயதுத் தவசிலிங்கத்துக்கு எண்பத்தைந்து என்று யாரும் சொல்லலாம், ஐம்பத்து நாலு வயது டீச்சருக்கு நாற்பது சொன்னாலே ஜாஸ்தி. அவருக்கு வருத்தமே இல்லை. பல் போன வாயால் சிரித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் கிளம்புகிற மனைவியைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பார், அவள் தெரு திரும்பும்வரை பார்ப்பார், அவ்வளவு நன்றாக அவர் தன் வாழ்நாளில் எதையும் பழுது பார்த்ததில்லை என்று தோன்றும். வடிவாம்பாள்தான் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கண்ணாடி முன் நின்று கறுத்த தலையைச் சீவும்போது அவளுக்குத் திருடியதைச் சீவுவதுபோல இருந்தது என்று பேச்சியம்மாளிடம் சொன்னாளாம்.

தையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது, போகவில்லை. சோறு இறங்கவில்லை. கார் மறுபடி காலனியைச் சுற்றுகிற சத்தம் படுக்கையிலிருந்து அவருக்குக் கேட்டது. இந்தத் தடவை யாருக்கு என்று கேட்டார். அஞ்சாம் தெருவில் ஒரு பொண்ணுக்கு என்றாள் வடிவாம்பாள். பாவம், நல்லா ஆகட்டும், போல்ட்டை ரொம்ப இறுக்கிராதீங்கன்னு சொல்லு, மறை கழண்டுரும் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். காலனியில் அத்தனை பேருக்கும் தெரியும், அஞ்சாம் தெருவில் அப்படி ஒரு பெண் இல்லை என்று. பதினெட்டு நாளும் ஓட்டினார்கள், ஓட்டும்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

மாசி பிறந்த ஒரு மத்தியானம், வெயில் உறைக்காத நேரம், கொஞ்சம் காற்றாட உட்காருங்கள் என்று காசிராஜனும் ஜெபமணியும் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் காரின் டிரைவர் சீட்டில் வைத்தார்கள். பேட்டரி இறங்கிப்போகும், கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்துவையுங்கள் என்றாள் வடிவாம்பாள். எத்தனையோ மாதம் கழித்துச் சாவியைத் திருகியதில் அவருக்குக் குழந்தைபோல் சந்தோஷம். ஐந்து நிமிஷம் ஓடவிட்டார், அணைத்தார், எஞ்சின் சூடு காலில் இதமாக ஏற, கிழவர்களுக்கு வருகிற தூக்கம் வந்து அவரைக் கொண்டுபோய்விட்டது.

சத்தம் கேட்டு விழித்தார். புது ஆயிலின் வாசனை. எதிரே பானட் தூக்கி நின்றது, கண்ணாடி முழுக்க அதன் சாம்பல் நிறம்தான். அந்தப் பக்கம் கேனிலிருந்து புனலில் ஆயில் குளுக் குளுக்கென்று இறங்கிக்கொண்டிருந்தது. பானட்டுக்குக் கீழே இரண்டு விரல் அகலம் இடைவெளி இருந்தது, குனிந்து அதன் வழியே பார்த்தார். கேனைப் பிடித்திருந்த கை தெரிந்தது, முழங்கை வரைக்கும் கறுப்பு ஆயில், மணிக்கட்டில் வடிவாம்பாளின் சிவப்பு ரப்பர் வளையல். அவர் செய்வதை வேடிக்கை பார்த்தே பழகினவள், தானே அடியில் படுத்து, தானே போல்ட்டைக் கழற்றி, தானே இறுக்கியிருக்கிறாள்.

“வடிவு, நிப்பாட்டு.” அவர் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது.

“எந்திரிக்காதீங்க,” என்றாள் அவள். குரல் நிதானமாக இருந்தது, வகுப்பில் பேசுகிற குரல். “பாதி ஊத்தியாச்சு. நீங்க எந்திரிச்சா இது உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. மூக்கம்மா அக்காவப் பாத்தீங்கல்ல?”

தவசிலிங்கம் உட்கார்ந்திருந்தார். மின்சாரம் ஓடுகிற கம்பிக்குப் பக்கத்தில் வேலை பார்த்த மனிதர், புயல் அடித்த வருஷம் மூன்று நாள் கம்பத்திலேயே கிடந்தவர்; அவர் தன் ஆயுளில் செய்த வேலைகளிலேயே கொடுமையான வேலை அதுதான், அசையாமல் உட்கார்ந்திருப்பது. அந்த இரண்டு விரல் இடைவெளியில் அவர் கண் முன்னால் அந்தக் கை சுருங்கியது, நரம்பு எழும்பியது, வளையல் தளர்ந்து மணிக்கட்டிலிருந்து விரல்மூட்டு வரைக்கும் இறங்கியது. அவருடைய முழங்காலில் வலி விட்டது, முதுகு நிமிர்ந்தது, வாய்க்குள் பல் முளைக்கிற குறுகுறுப்புத் தெரிந்தது, ஒவ்வொன்றாக உடம்பு நன்றாகிக்கொண்டு வர, அந்த ஒவ்வொரு நன்மையையும் அவர் வெறுத்தார். போதும் வடிவு, கொஞ்சமாவது வச்சிக்கோ என்று கெஞ்சினார். அவள் கேனை இன்னும் சாய்த்தாள். வாசலுக்கு வெளியே காலனிக்காரர்கள் எல்லோரும் தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்கள்.

கேன் காலியான சத்தம் கேட்டது. பானட்டைச் சாத்த அவளுக்கு வலு இல்லை, இரண்டு தடவை முயன்று, மூன்றாவது தடவை உடம்போடு சாய்ந்து சாத்தினாள். அப்போதுதான் அவர் அவளைப் பார்த்தார். கூன் விழுந்து, கண் குழிந்து, தும்பைப் பூவாக நரைத்து நின்றாள். அவளும் கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள், பார்த்து, பல மாதம் கழித்துச் சிரித்தாள்.

“பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக்கூட மீசை இவ்வளவு கறுப்பா இல்ல,” என்றாள்.

அவர் இறங்கி வந்து அவளைத் தாங்கிக்கொண்டார். ஓங்கி அழுதார், கிழவனாக இருந்தபோது வராத அழுகையெல்லாம் அந்த இளம் தொண்டையில் வந்தது. மறுநாளே காரை மறுபடி சுற்ற வேண்டும், திருப்பித் தர வேண்டும் என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். நாற்பது கிலோமீட்டர்கூட ஆகியிருக்காது, எஞ்சின் ஒரு பெரிய சத்தம் போட்டுத் தண்ணீர்த் தொட்டியருகே நின்றது. பிஸ்டன் உருகி ஒட்டிக்கொண்டுவிட்டது. மூன்று தடவை ஏழாயிரம் ஏழாயிரம் சுற்றாக அதைச் சின்னக் கியரிலேயே சுற்ற வைத்ததற்கு அது அவ்வளவு நாள் தாங்கியதே பெரிது என்று, காருக்கு அடியில் படுத்து எழுந்திருக்கத் தெரிந்த அந்த ஒரே மனிதருக்கு நன்றாகவே தெரிந்தது. காலனிக்காரர்கள் வீடுவரை தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள்.

வடிவாம்பாளை வாடகை வண்டியில் மதுரைக்குக் கொண்டுபோனார். பழைய டாக்டர் மாற்றலாகிப் போயிருந்தார். ஒன்பது நாள் படுக்கையில் இருந்தாள். ஊட்டிவிட்டார், தலை வாரிவிட்டார், மலம் எடுத்தார், ஒரு நிமிஷம் நகரவில்லை. இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்று வார்டில் பேசிக்கொண்டார்கள். முதலில் இரண்டு பேரிடம், நான் அவள் வீட்டுக்காரர் என்று சொல்லிப் பார்த்தார், கவலையில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து அவர்கள் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். எட்டாம் நாள் ஊசி போட வந்த நர்ஸ், “ஒங்களுக்கு ஒரே பையனாம்மா?” என்று கேட்டாள்.

கல்யாணமான மூன்றாம் வருஷத்திலிருந்து எந்தக் கோயிலையும் எந்த டாக்டரையும் விடாமல் பார்த்து, கடைசியில் யாரும் அந்தப் பேச்சை எடுக்காத வீடாகிப்போன வீடு அது. வடிவாம்பாள் தவசிலிங்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா,” என்றாள். “ஒண்ணே ஒண்ணு. ரொம்பத் தாமதமாப் பொறந்தான்.”

மறுநாள் காலையில், அவர் முகம் துடைத்துவிட ஈரத் துணியோடு வந்தபோது அவள் போய்விட்டிருந்தாள்.

அவர்கள் பக்கத்து வழக்கத்தில் மனைவிக்குக் கொள்ளி வைக்கிற கணவனுக்கு மொட்டை கிடையாது, தாய்க்கு வைக்கிற மகனுக்குத்தான் உண்டு. சுடுகாட்டுக்கு வந்த நாவிதர் வெளியூர்க்காரர், ஒன்றும் தெரியாதவர். இறந்து கிடக்கிற கிழவியைப் பார்த்தார், கருகருவென்ற தலையோடு நிற்கிற ஆளைப் பார்த்தார், பலகையைப் போட்டு, தாயாருக்குத்தானே, உட்காருங்கள் என்றார். ஜெபமணி குறுக்கே வந்து என்னவோ சொல்ல வாயெடுத்தார், தவசிலிங்கம் கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, போய்ப் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்தார்.

கத்தி ஓடியது. மடியிலும் மண்ணிலும் கொத்துக் கொத்தாக முடி விழுந்தது. நாவிதருக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

“நல்ல முடிங்க. ஒரு நரைகூட இல்லையே. அம்மா வழியா?”

“ஆமா,” என்றார் தவசிலிங்கம். “அவங்க குடுத்ததுதான்.”

நாவிதர் தண்ணீரைத் தொட்டுத் தொட்டு மீதித் தலையையும் வழித்தார்.